வீரணன் மனுவில் விழுந்த சொல்

திருவாதவூருக்குத் தெற்கே வேப்படைப்பு என்று ஒரு சிற்றூர். அங்கே பள்ளிக்கூடத்துக்குப் புதுக் கட்டடம் திறந்து, ரிப்பன் வெட்டி, லட்டு கொடுத்து, வந்த பெரிய மனிதர்களெல்லாம் கார் ஏறிப் போய்ச் சேர்ந்தார்கள். மறுநாள் காலையில் வீரணன் தன் மகள் பவதாரிணியை நாலாம் வகுப்பில் விடப் போனான். போனவன் விட்டுவிட்டுத் திரும்பியிருக்கலாம். விதி யாரை விட்டது? கூரையைத் தாங்குகிற பீம் வந்து தூணில் உட்காருகிற இடத்தில் சாய்வாக ஒரு வெடிப்பு ஓடுவது அவன் கண்ணில் பட்டுவிட்டது.

வீரணன் கொத்தனார். அவனியாபுரம், பழங்காநத்தம் என்று வேலை கிடைத்த இடத்துக்கெல்லாம் ஷேர் ஆட்டோவில் தொற்றிக்கொண்டு போய் இருபத்திரண்டு வருசமாகக் கரண்டி பிடித்தவன். எது பூச்சில் விழுந்த வெடிப்பு, எது ஆளைக் கொல்லுகிற வெடிப்பு என்று அவனுக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. அவனியாபுரத்தில் ஒரு பட்டறைக் கூரை இதே இடத்தில், இதே சாய்வில் வெடித்து, மூன்றாம் மாசம் மழையில் இறங்கியது. உள்ளேயிருந்து பேயாண்டி என்கிற சித்தாளை இழுத்து வெளியே போட்டவர்களில் இவனும் ஒருவன். பேயாண்டி பிழைக்கவில்லை.

பெஞ்சின்மேல் ஏறிக் கரண்டிக் காம்பால் தட்டிப் பார்த்தான். சத்தம் பொக்கையாக வந்தது. கான்கிரீட் இறுகுவதற்குள், அடியில் முட்டுக் கொடுத்திருந்த செண்ட்ரிங் பலகையைப் பிரித்திருக்கிறார்கள். பின்னே என்ன செய்வார்கள், கான்கிரீட்டுக்காக ரிப்பன் வெட்டுகிற மந்திரி காத்திருப்பாரா?

தலைமையாசிரியை ஆனிமேரி நல்ல மனுஷிதான். அவன் சொன்னதை முழுக்கக் கேட்டுக்கொண்டார். அந்த வகுப்பில் உட்கார்ந்திருக்கும் முப்பத்தொரு பிள்ளைகளையும் ஒரு தடவை பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்:

"எனக்கு ஒரு பேப்பர் மட்டும் வாங்கிக் குடுங்க வீரணன், இப்பவே பூட்டிர்றேன். பேப்பர் இல்லாம ரூமைப் பூட்டினா என்னையப் பூட்டிருவாக."

அதுவரைக்கும் வெயிலடித்தால் வேப்பமரத்தடி, மழை வந்தால் உள்ளே என்று ஏற்பாடாயிற்று. ஆனி மாதம்தானே, மழைக்கு இன்னும் நாளிருக்கிறது என்று வீரணனும் தைரியமாகவே கிளம்பினான்.

இந்த மாதிரிக் கட்டடங்களைக் கண்காணிக்கவென்றே கல்விக் கட்டட நல வாரியம் என்று ஒன்று உண்டு. அதன் மண்டல அலுவலகம் பழங்காநத்தத்தில் ஒரு பாத்திரக்கடை மாடியில் இருந்தது. அங்கே மண்டல அலுவலராக அப்போது இருந்தவர் சூர்யபிரகாஷ். சின்ன வயசு, நல்ல படிப்பு. அவர் போனுக்குத் தினமும் காலையில் ஓர் ஆங்கிலச் சொல் வரும். வந்த சொல்லை அன்றைக்குள் எங்கேயாவது பயன்படுத்திவிட வேண்டும் என்பது அவர் விரதம். பஞ்சாயத்துத் தலைவர், டீக்கடைக்காரர், சொந்த மாமியார் என்று பாகுபாடு பார்க்காமல் பயன்படுத்துவார். வீரணன் மனு கொடுத்த அன்றைக்குச் சாயங்காலம் நாலரை மணி வரைக்கும் சொல் செலவாகாமல் கையிலேயே இருந்தது. மனுவின் ஓரத்தில் பச்சை மையில் எழுதினார்: 'மனுதாரர் ஓர் அல்ட்ராகிரெபிடேரியன். அதற்கேற்ப நடவடிக்கை எடுக்கவும்.' எழுதிக் கையெழுத்தும் போட்டார். மறுவாரம் அவருக்குச் சென்னைக்கு மாற்றல் வந்துவிட்டது.

அங்கே பிடித்தது சனி.

கண்காணிப்பாளர் சிவக்குமார் இருபத்தெட்டு வருச அனுபவஸ்தர். அந்த அலுவலகத்தில் ஒரு வழக்கம் உண்டு. மேலதிகாரி எழுதியது புரியவில்லை என்று யாரும் எழுதக் கூடாது. எந்த விதிப் புத்தகத்திலும் இல்லை, ஆனால் மற்ற எல்லா விதிகளையும் மீறினாலும் இதை மட்டும் யாரும் மீறியதில்லை. ஆகவே சிவக்குமார் அந்தக் குறிப்புக்குக் கீழே 'பார்வையிடப்பட்டது' என்று எழுதி உதவியாளருக்கு அனுப்பினார். உதவியாளர் 'பணிந்து பார்வையிடப்பட்டது' என்று எழுதித் திருப்பி அனுப்பினார். இப்படியே ஆடி பிறந்துவிட்டது.

போனைத் தட்டினால் அர்த்தம் வந்துவிடப் போகிறது, இதற்கு ஏன் இம்புட்டு நாள் என்று கேட்பீர்கள். சிவக்குமார் தட்டாமலா இருந்தார்? முதல் நாளே கழிப்பறைக்குள் போய்த் தட்டிப் பார்த்துவிட்டார். ஆனால் அர்த்தம் தெரிந்ததாகக் காட்டிக்கொண்டால் 'அதற்கேற்ப நடவடிக்கை' எடுத்தாக வேண்டுமே. தெரியாத வரைக்கும் கோப்பு பத்திரம், கோப்பு பத்திரமாக இருக்கும் வரைக்கும் சிவக்குமாரும் பத்திரம். தவிர, போன் சொன்னதைக் கோப்பில் ஆதாரமாக வைக்க அரசாணை கிடையாது. கேட்டால் அதைத்தான் சொல்வார்.

வீரணன் வாரம் ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு வந்தான். வந்தவனிடம் ஏதாவது கேட்டாக வேண்டுமல்லவா? சொல்லை முன்பக்கத்திலிருந்து பிரிக்கத் தொடங்கினார்கள். முதலில் இருப்பது அல்ட்ரா. அல்ட்ரா என்று வந்தால் ஸ்கேன்தானே? ஆகவே இது மருத்துவ விஷயம் என்று முடிவாகி, உடல்தகுதிச் சான்று வாங்கிவரச் சொன்னார்கள். அரசு மருத்துவர் எதற்கு இந்தச் சான்று என்று கேட்டார். பீம் வெடித்திருக்கிறது என்றான் இவன். யாருக்கு என்று கேட்டார் அவர். ஒருவழியாக, இவனுக்கு எங்கும் வெடிப்பில்லை என்று எழுதி வாங்கிக்கொண்டு வந்தான்.

பிறகு பின்பக்கம். சொல் 'ஏரியன்' என்று முடிகிறது. லைப்ரேரியன் என்பது ஒரு பதவி. அப்படியானால் மனுதாரரும் ஏதோ பதவியில் இருப்பவர், அரசுப் பதவியில் இருப்பவர் துறை அனுமதி இல்லாமல் அரசுக் கட்டடத்தைப் பற்றிப் புகார் சொன்னது நடத்தை விதி மீறல் என்று ஒரு விளக்கக் கடிதம் கேட்டார்கள். நான் கொத்தனார் சார், எனக்கு ஏது பதவி என்று எழுதிக் கொடுத்தான். வெஜிடேரியன் என்றும் ஒன்று இருப்பதை உதவியாளர் நினைவூட்டினார். கெடாவெட்டுக்குப் போவீரா மாட்டீரா என்று விசாரித்து, போவேன் என்று வாக்குமூலம் வாங்கிக்கொண்டார்கள். கடைசியில் பிரஸ்பிடேரியன் வந்து நின்றது. அது கிறிஸ்தவத்தில் ஒரு சபை. இவன் சாதிச் சான்றிதழிலோ இந்து என்று இருக்கிறது. அப்படியானால் எப்போது மதம் மாறினாய், மாறியதை ஏன் மறைத்தாய்? வீரணன் பயந்துபோனான். அந்தச் சான்றிதழை வைத்துத்தான் மகளை மேலே படிக்க வைக்க நினைத்திருந்தான்.

சொல்லை எழுதிய சூர்யபிரகாஷுக்கே கடிதம் போட்டுக் கேட்கலாம் என்று வீரணன்தான் யோசனை சொன்னான். போட்டார்கள். ஒன்றரை மாதம் கழித்துச் சென்னையிலிருந்து பதில் வந்தது. அது அந்தத் தேதிக்குரிய சொல் என்றும், தற்போது வேறு சொற்கள் நடைமுறையில் உள்ளன என்றும் எழுதியிருந்தார்.

வீட்டில் சுந்தரம்மாள் திட்ட ஆரம்பித்துவிட்டாள். கிணறு வெட்டப் போய்ப் பூதம் கிளம்பின கதையாப் போச்சு, பேசாமல் நம்ம பிள்ளையை மட்டும் மேலூரில் வேறு பள்ளிக்கூடத்தில் போட்டுவிட்டு வேலையைப் பாருங்க என்றாள். அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. வீரணன் ஒரு வாரம் அதே யோசனையாகத்தான் திரிந்தான். ஆனால் ஐப்பசி பிறந்து முதல் மழை விழுந்த அன்றைக்குப் பள்ளிக்கூடத்துப் பக்கம் போனான். முப்பத்தொரு பிள்ளைகளும் அந்த பீமுக்குக் கீழே உட்கார்ந்து வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தார்கள். வெடிப்பில் இப்போது ஒரு தீக்குச்சியைச் செருகலாம்.  மறுநாள் விடிந்ததும் மறுபடி பழங்காநத்தம்.

அதற்குள் அங்கே புது மண்டல அலுவலராகப் பாண்டிராஜ் வந்திருந்தார். அவருக்குக் குழு அமைப்பது என்றால் உயிர். வந்த பத்தாம் நாள் 'சொற்பொருள் தெளிவுக் குழு' அமைத்துவிட்டார். அதன் தொடக்கக் கூட்டத்துக்கு மனுதாரர் என்கிற முறையில் வீரணனையும் அழைத்து, நாற்காலி பத்தாததால் நிற்க வைத்தார்கள். பாண்டிராஜ் சால்வை போர்த்திக்கொண்டு பேசினார்:

"இந்த வாரியத்துல இதுவரைக்கும் எத்தனையோ கட்டடம் விழுந்திருக்கு. நாம கலங்கினோமா? இல்ல. கட்டடம் விழுந்தா மறுபடி டெண்டர் விட்டுக் கட்டிக்கலாம். ஆனா ஒரு கோப்பு தப்பா விழுந்துச்சுன்னா நம்ம தலைமுறையே எந்திரிக்க முடியாது. இந்த மனுதாரர் அவசரம் அவசரம்ங்கிறாரு. அவரு கவலை எனக்குப் புரியுது. முப்பத்தொரு பிள்ளைங்களோட எதிர்காலம்ங்கிறாரு. நமக்கு முப்பத்தொரு பக்கக் கோப்போட எதிர்காலம். ரெண்டும் ஒண்ணுதான்."

எல்லாரும் கை தட்டினார்கள். நிற்கிறவன் மட்டும் தட்டாமல் இருந்தால் நன்றாயிராது என்று வீரணனும் இரண்டு தட்டுத் தட்டினான். வாழ்நாளில் அவன் வெட்கப்பட்டதில் அதுவும் ஒன்று.

குழுவுக்கு வெளியிலிருந்து ஒரு நிபுணர் வேண்டும் என்று தனிஸ்லாஸைக் கூப்பிட்டிருந்தார்கள். மிஷன் பள்ளியில் முப்பத்தைந்து வருசம் ஆங்கிலம் நடத்தி ஓய்வு பெற்றவர். அதற்கு முன்னால் சாமியாருக்குப் படித்துப் பாதியில் வந்தவர், ஆகவே லத்தீனும் தெரியும். வந்தவர் காப்பி குடித்துவிட்டு ஐந்தே நிமிசத்தில் சொல்லி முடித்துவிட்டார். நாலு மாசத்துச் சங்கதி ஐந்து நிமிசத்தில் முடிந்ததில் குழுவுக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

அல்ட்ரா என்றால் லத்தீனில் தாண்டி. கிரெபிடா என்றால் செருப்பு. வாலில் ஒட்டியிருக்கும் ஏரியன் என்பது அந்தக் காரியத்தைச் செய்கிற ஆளைக் குறிப்பது. மொத்தத்தில், செருப்பைத் தாண்டினவன். தனக்குத் தெரியாத விஷயத்தில் வாய் விடுகிறவன் என்று திட்டுவதற்காக இருநூறு வருசத்துக்கு முன்னால் இங்கிலீஷ்காரன் எவனோ ஒட்டவைத்த சொல். அதன் வேர் அதைவிடப் பழசு. கிரேக்க தேசத்தில் ஒரு பெரிய ஓவியன் தான் வரைந்த படத்தை வாசலில் வைத்துவிட்டு, பார்க்கிறவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று ஒளிந்து நின்று கேட்பானாம். செருப்புத் தைக்கிற ஒருவன் வந்து, படத்தில் செருப்பின் வார் தப்பு என்றான். ஓவியன் திருத்திவிட்டான். மறுநாள் அதே ஆள் வந்து, காலும் சரியில்லை என்றான். ஓவியனுக்குக் கோபம் வந்துவிட்டது. செருப்புத் தைக்கிறவன் செருப்போடு நிறுத்திக்கொள், அதற்கு மேலே பேசாதே என்று விரட்டிவிட்டான். அதிலிருந்து வந்ததுதான் இது.

குழு மெய்சிலிர்த்துப் போயிற்று. எப்பேர்ப்பட்ட சொல், எம்புட்டு ஆழம் என்று ஆளாளுக்குச் சிலாகித்தார்கள். வீரணனுக்கோ நெஞ்சு எரிந்தது. அவனுடைய அப்பன் மேலத்தெருவில் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு நடந்தவர். சொல்லின் பிறப்பிடம் ஏதோ லத்தீன் என்றார்கள், இவனுக்கு அது பக்கத்துத் தெரு மாதிரிதான் கேட்டது. பேசுவதற்கு அனுமதி இல்லாத கூட்டத்தில் அவன் வாய் திறந்துவிட்டான்.

"அய்யா, ஒண்ணு கேக்கணும். அந்தப் படத்துல காலு கோணலா இருந்துச்சா, நேரா இருந்துச்சா?"

தனிஸ்லாஸ் கண்ணாடியைக் கழற்றினார். 

"அத யாரும் எழுதி வைக்கலையே தம்பி."

"எம்புட்டு வருசமா எழுதலீங்க?"

"ரெண்டாயிரம் வருசம் இருக்கும்."

"ஒருத்தரும் போயிப் பாக்கலையா?"

 இந்தக் கேள்வி நிகழ்ச்சி நிரலில் இல்லை என்று சொல்லி, பாண்டிராஜ் கூட்டத்தை முடித்துவைத்தார்.

இனி அர்த்தம் தெரியாது என்று சொல்ல வழியில்லை. ஆகவே நடவடிக்கை எடுத்தார்கள், ஐயா, எடுத்தே விட்டார்கள். ஒரு வாரத்தில் உத்தரவு வந்தது. மனுதாரர் தரையில் நின்று வேலை பார்க்கிற கொத்தனார். ஆகவே அவர் தரை அளவில், அதாவது செருப்பு அளவில், கருத்துச் சொல்லத் தகுதியுடையவர். அதற்கு மேலே உள்ளவை பொறியாளரின் எல்லை. எனவே அவரது மனு தரை அளவில் ஏற்கப்பட்டு, கூரை அளவில் தள்ளுபடி செய்யப்படுகிறது. தரை உடனடியாக ஆய்வு செய்யப்படும்.

ஆய்வுக்கு மூன்று பேர் வேனில் வந்தார்கள். ரசமட்டம் வைத்துத் தரையை அளந்தார்கள். டைல்ஸைத் தட்டிப் பார்த்தார்கள். மூலைக்கு மூலை தண்ணீர் ஊற்றி எந்தப் பக்கம் ஓடுகிறது என்று குறித்துக்கொண்டார்கள். வீரணன் வாசலில் நின்று, சார் கொஞ்சம் மேல, கொஞ்சம் மேல என்று கெஞ்சிக்கொண்டே இருந்தான். உத்தரவில் இல்லாத திசையில் எப்படிப் பார்ப்பது என்று அவர்களும் வருத்தத்தோடுதான் சொன்னார்கள். வந்தவர்களில் ஒருவரான பொறியாளர் கையெழுத்துப் போடும்போது பீமிலிருந்து சிமெண்டுத் தூள் பொலபொலவென்று காகிதத்தின்மேல் கொட்டியது. அவர் அதை ஊதிவிட்டுக் கையெழுத்தை முடித்தார். தரை மிகச் சிறப்பாக உள்ளது, திங்கட்கிழமை முதல் வகுப்புகள் தவறாமல் இந்த அறையிலேயே நடக்க வேண்டும், மரத்தடி விதிமீறல்.

ஆனிமேரி கேட்ட பேப்பர் வந்துவிட்டது. இப்படியா வர வேண்டும்!

திங்கட்கிழமை காலையில் மழை பிசுபிசுத்துக்கொண்டிருந்தது. வீரணன் மகளை வாசலிலேயே கையைப் பிடித்து நிறுத்திவிட்டான். மற்றப் பிள்ளைகள் பையைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடின. பவதாரிணி உள்ளே பார்த்தாள், அப்பனைப் பார்த்தாள்.

"நா போகலேன்னா எனக்கு ஒண்ணும் ஆகாது. ஜெனிஷாவுக்கு?"

ஜெனிஷா அவளோடு ஒரே பெஞ்சில் உட்காருகிற பிள்ளை.  பேயாண்டியை இழுத்துப் போட்டபோது அவன் தன் கையிலிருந்த சாந்துச் சட்டியை விடாமல் பிடித்திருந்தது வீரணனுக்கு ஞாபகம் வந்தது. மகள் கையை விட்டுவிட்டு விறுவிறுவென்று வகுப்புக்குள் போனான். முதல் பெஞ்சில் உட்கார்ந்திருந்த பிள்ளைகளை எழுப்பிவிட்டு, பெஞ்சைத் தோளில் தூக்கிக்கொண்டு வெளியே வந்தான். சத்துணவுக் கூடத்துத் தாழ்வாரத்தில் போட்டுவிட்டு அடுத்ததுக்குப் போனான். ஆனிமேரி ஓடிவந்து வழியை மறித்தார்.

"யாரு சொல்லி இதச் செய்யிறீங்க?"

"வாரியம் சொல்லித்தான் டீச்சர். தரை வரைக்கும் எனக்குத் தகுதி இருக்குன்னு எழுதிக் குடுத்துருக்காக. பெஞ்சு தரையிலதான நிக்கிது."

 ஆனிமேரி மூக்கைச் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டு, அவன் தூக்கிய பெஞ்சின் மறுமுனையைப் பிடித்தார். உட்கார இடமில்லாத பிள்ளைகள் தாமாகவே பின்னால் வந்துவிட்டன. கடைசியில் கரும்பலகையும் வந்து சேர்ந்தது.

புதன்கிழமை பதினோரு மணிக்கு, கணக்குப் பாடம் நடக்கிற நேரத்தில், பீம் இறங்கியது. கூரையில் பாதி கூடவே வந்தது. தாழ்வாரத்தில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்த முப்பத்தொரு பிள்ளைகளும் புழுதியில் இருமினார்கள். அதற்கு மேல் ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. வீரணன் அன்றைக்கு அவனியாபுரத்தில் சாரத்தின்மேல் நின்றான். செய்தி வந்ததும் இறங்கி மணல் குவியலில் உட்கார்ந்து, வாயில் துண்டை வைத்துக்கொண்டு அழுதான்.

வாரியம் சும்மா இருக்குமா? மறுநாளே பாண்டிராஜ் பேட்டி கொடுத்தார். உயிர்ச்சேதம் இல்லாததற்கு வாரியத்தின் முன்கூட்டிய ஆய்வே காரணம் என்றும், இவ்வளவு பாரம் விழுந்தும் தரைக்கு ஒரு கீறல்கூட இல்லை என்றும் பெருமையோடு சொன்னார். அத்தோடு நிற்கவில்லை. ஒரு பொறியாளருக்குக்கூடத் தெரியாமல் இருந்த விஷயம், தரை அளவில் மட்டுமே தகுதி உள்ள ஒரு நபருக்கு நாலு மாதம் முன்பே தெரிந்திருக்கிறது. இரண்டு நாள் முன்னால் பெஞ்சையும் அகற்றியிருக்கிறார். ஆகவே சந்தேகத்துக்குரியது என்று வீரணனுக்கு விசாரணை நோட்டீஸ் போனது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தால், காக்கையைத்தான் பிடித்து விசாரிப்பார்கள்.

நோட்டீசை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வீரணன் பாத்திரக்கடை மாடி ஏறினான். இந்தத் தடவை உட்கார நாற்காலி போட்டிருந்தார்கள், குற்றம் சாட்டப்பட்டவருக்கு நாற்காலி உண்டு. சிவக்குமார் புதுக் கோப்பைத் திறந்து, கூரை விழப்போவது உமக்கு எப்படி முன்கூட்டியே தெரியும், யார் சொன்னது, எந்த ஆவணத்தைப் பார்த்தீர் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். வீரணனுக்குக் கோபம்கூட வரவில்லை. நாலு மாசத்தில் அது வற்றிப்போயிருந்தது. அவருடைய முகத்தை நேராகப் பார்த்துச் சொன்னான்.

"அண்ணாந்து பாத்தேன் சார்."

சிவக்குமார் அதை அப்படியே எழுதிக்கொண்டார். எழுதி முடித்துப் பேனாவை நிமிர்த்திப் பிடித்து, அடுத்த கேள்வியைக் கேட்டார்.

"யாரு அனுமதியில?"